மெதுவாக வரும் படம்

படத்தை இளைக்க வைப்பதும் ஒரு பிழைப்பா என்று கேட்டால், ஆமாம், அதுவும் ஒரு பிழைப்புத்தான். கேமராவிலிருந்து இறங்குகிற படம் விருந்து தின்றவன் மாதிரி வயிறு புடைத்துத்தான் வரும். அதை அப்படியே தூக்கி வெப்சைட்டில் போட்டால் பக்கம் திறக்க ஒரு யுகமாகும். பார்க்க வந்தவன் கொட்டாவி விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவான். அதனால் படத்தை அளவாக வெட்டி, எடையைக் குறைத்து, குறைத்ததே கண்ணுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையக் கூடாது. அந்த வீட்டுக்காரிக்கு அது கை வந்த வேலை. புருஷன் கடை கடையாகப் போய்ப் பாத்திரம், செருப்பு, குழாய், கட்டில் என்று படம் எடுத்து வருவார். இவள் இளைக்க வைத்து, பெயர் சூட்டி, வெப்சைட்டில் ஏற்றுவாள். தெருவில் அவருக்குப் பெயர் போட்டோக்காரர். இவளுக்கு அவர் வைத்த பெயர் சிக்கனம்.

"சிக்கனம், கொஞ்சம் டீ கிடைக்குமா, இல்ல அதையும் பாதியா குறைச்சுட்டியா?" என்று கேட்பார். அதெல்லாம் ஒரு காலம். இப்போது அப்படிக் கூப்பிடுவதில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து விட்டு விட்டு மழை. முன்னறையில் இரண்டு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், மூலையில் சுருட்டி வைத்த வெள்ளைத் துணி, மூங்கில் கொத்து மாதிரி சாத்தி வைத்த விளக்குக் கம்பிகள். துவைத்த துணியைக் காயப்போட இடமில்லாமல் அந்தக் கம்பிகளில்தான் தொங்கவிட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நாற்காலிக் கடைக்காரம்மா வந்து நின்றாள். போன வருஷம் அண்ணனிடமிருந்து கடையை வாங்கி நடத்துகிறவள். ஆள் நல்லவள்தான், வாய்தான் ஊருக்கு நீளம்.

"குடையை வெளியிலேயே வெச்சுட்டு வாங்க மேடம், உள்ளே ஒயரெல்லாம் கிடக்கு" என்றார் போட்டோக்காரர்.

"குடை கிடக்கட்டும் தம்பி. நீங்க பண்ணிக் குடுத்த வெப்சைட்டு உயிரோட இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல."

"ஏன் மேடம், நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கா? என் மருமகன் நேத்து போன்ல தொட்டான். நான் போய் டீ போட்டு, ஆத்தி, குடிச்சு, டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டு வந்து பார்க்கறேன், பாதி நாற்காலிதான் வந்திருக்கு. பாதி நாற்காலில யாரு தம்பி உட்காருவா?"

வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க மேடம். இது முழுசா இருக்கு."

"நீ சிரிம்மா, உனக்கென்ன. நெட்ல மர நாற்காலின்னு தேடிப் பாரு. எதிர்க்கடைக்காரன் முதல் ஆளா வந்து பல்லைக் காட்டறான். நாங்க மூணாவது பக்கத்துல மூஞ்சியைத் தொங்கப்போட்டு நிக்கறோம். மூணாவது பக்கத்துக்கு எவன் வருவான், வேலை வெட்டி இல்லாதவன்தான் வருவான். வந்தாலும் அவன்கிட்ட காசு இருக்காது."

"பக்கம் மெதுவா திறந்தா தேடற மெஷினே பின்னால தள்ளிடும் மேடம். படத்துக்குப் பேரும் விவரமும் சரியா இல்லேன்னாலும் தள்ளும். அதுக்குக் கண்ணு கிடையாது பாருங்க. படத்தைக் குடுத்தா அதுக்குத் தெரியாது. இது நாற்காலி, தேக்கு மரம், கை வெச்சதுன்னு எழுத்துல சொன்னாத்தான் தெரியும்."

"அப்ப சொல்லித் தொலைங்களேன்."

"மழைக்கு நெட்டு அப்படித்தான் மேடம் இழுக்கும்" என்று இடையில் புகுந்தார் போட்டோக்காரர். "நான் ஒருநாள் ஆற அமரப் பார்க்கறேன்."

"மழை இன்னிக்குத்தான் தம்பி பெய்யுது. வெப்சைட்டு ஒரு வருஷமா படுத்துக்கிடக்கு. எப்பக் கேட்டாலும் பார்க்கறேன் பார்க்கறேன்னுதான் சொல்றீங்க. வேற ஆளு வெச்சுப் பார்த்துக்கட்டுமா?"

வீட்டுக்காரிதான் முந்திக்கொண்டு, "வேண்டாம் மேடம், நானே இன்னிக்கு உட்கார்ந்து முடிச்சுடறேன்" என்றாள். புருஷன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். எதற்கு அப்படிப் பார்த்தார் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

நாற்காலியம்மா எழுந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு. அந்தக் குட்டி நாற்காலில ஒரு பொண்ணு சாஞ்சுக்கிட்டிருக்கே, அந்தப் படத்தை மட்டும் எடுத்துடாதீங்க. பிள்ளைங்க நாற்காலி கேட்டு வர்றவங்க அத்தனை பேரும் அதைத்தான் காட்டறாங்க. என்ன சுகமா உட்கார்ந்திருக்கு. பார்த்தா நமக்கே தூக்கம் வருது. யார் வீட்டுப் பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

போட்டோக்காரர் யாரும் கேட்காத டீயைப் போட உள்ளே போய்விட்டார். "சரி மேடம், எடுக்கல" என்றாள் அவள். அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

யார் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டுப் பிள்ளைதான். வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஏழு வயசு. ஒரு இடத்தில் கால் தரிக்காது. கட்டிலில் குதிக்கும், மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கும், அம்மா கம்ப்யூட்டரில் எண்ணி எண்ணிப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து வேறு எண்ணைச் சொல்லிக் கெடுக்கும். பள்ளி விட்டதும் அப்பாவோடு கடைகளுக்குப் போகும். சாமான் எவ்வளவு பெரிசு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். வாளிக்குப் பக்கத்தில் வாண்டு, பீரோவுக்குப் பக்கத்தில் வாண்டு, குடைக்குள் வாண்டு. "எனக்குச் சம்பளம் எங்க?" என்று அப்பாவிடம் கையை நீட்டும்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு காய்ச்சலில் போய்விட்டது. காலையில் உடம்பு கொதித்தது என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "எப்பலேருந்து காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்டார். "இன்னிக்குக் காலையிலேருந்துதான்" என்றாள் இவள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம் என்றார். முந்தின நாள் காய்ச்சலே இல்லையே டாக்டர் என்று இவள் சொன்னாள். வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னாள். முந்தின நாள் நல்லாத்தான் இருந்தா, எங்ககூட நாற்காலிக் கடைக்கு வந்தா, சமர்த்தா உட்கார்ந்து படமெல்லாம் எடுத்துக்கிட்டா. பிடித்துக்கொள்ள அவளுக்கு மிச்சமிருந்த ஒரே கொம்பு அதுதான்.

அப்புறம் படம் தேடினார்கள். மாட்டி வைக்க ஒரு நல்ல முகம் வேண்டுமே. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். படம் எடுக்கிறவர் பிள்ளைக்குப் படம் இல்லை. போனில் எடுத்தவை நாலைந்து இருந்தன. எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருந்தாள், முகம் இழுபட்டிருந்தது. பள்ளிக்கூடப் படத்தில் முன்னால் நின்ற பெண்ணின் ரிப்பன் இவள் மூக்கை மறைத்தது. மற்றதெல்லாம் கேமராவில் எடுத்தவை, வாளியோடும் பீரோவோடும். அவை கடைப் படங்களோடு ஒரே இடத்தில் கிடந்தன.

அங்கேதான் அவளுடைய சிக்கனம் அவளைக் கொன்றது. வீட்டிலும் இடம் இல்லை, டிஸ்கிலும் இடம் இல்லை. வேலை முடிந்த அன்றே மொத்தமாக எல்லாவற்றையும் அமுக்கி, சின்னதைப் பழையதன் மேலேயே சேமித்து, பெரிசை அழித்துவிடுவது அவள் வழக்கம். பழையதை வைத்துக்கொள்ளவா என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் கேட்கும். வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறாள். பிள்ளை உயிரோடு ஓடியாடிக்கொண்டிருந்தபோது யார் நினைத்தார்கள்? எல்லாப் படத்திலும் வாண்டுவின் முகம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது.

அதில் ஒன்றைப் பெரிசாக்கித்தான் சுவரில் மாட்டியிருந்தார்கள். கிட்டே போனால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புக் கட்டம். நாத்தனார் வந்திருந்தபோது, "இன்னும் கொஞ்சம் தெளிவா ஆக்கேன், நீதான் கம்ப்யூட்டர்ல கில்லாடியாச்சே" என்று கேட்டாள். "குறைக்கலாம் அண்ணி. கூட்ட முடியாது" என்று இவள் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். புருஷன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பேர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஒரே ஒரு தடவை பிள்ளையின் முகத்தை முழுசாகப் பார்க்கக் கிடைத்தால் போதும், அதற்கு மேல் இந்த உலகத்தில் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் அந்தப் படத்துக்கு விளக்குப் போடும்போது நினைத்துக்கொள்வாள்.

நாற்காலியம்மா போன பிறகு, "ஏங்க, அந்தக் கடைப் படமெல்லாம் நான் குறைச்சதுதானே? எப்படிங்க கனமா இருக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியல. நான் வந்து பார்த்துக்கறேன். நீ அதைத் தொடாதே."

"இன்னிக்கு முடிக்கறேன்னு வாயைக் குடுத்துட்டேனே."

"நான்தான் பார்க்கறேங்கறேனே." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உடனே தணித்துக்கொண்டு, "மழையில வேற வெளிச்சம் இல்ல. அந்தக் குழாய்க் கடைக்காரன் காத்துக்கிட்டிருப்பான். நான் வந்து செய்யறேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவள் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தொடாதே என்றால் தொடாமல் இருக்கிறவளா? கடையின் பெயரை அடித்து, பக்கத்தைத் திறந்து, எந்தெந்தப் படம் எவ்வளவு எடை என்று பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்றுகூடக் குறைத்த படமில்லை. எல்லாம் கேமராவிலிருந்து இறங்கின வாக்கில் இருந்தன. பெயர்கூட கேமரா வைத்த எண்தான். படம் எடுத்த அன்றைக்கு நாற்காலியம்மாவின் அண்ணன் தலைமேல் நின்றது நினைவுக்கு வந்தது. இப்பவே வேண்டும், நாளைக்குத் திறப்பு விழா என்று. குறைச்சாச்சு, போட்டாச்சு என்று இந்த மனுஷன் சொன்னார். இவள் நம்பி, அவர் போனிலேயே சின்னச் சின்னதாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விவரம் மட்டும் எழுதிக் கொடுத்தாள். சோம்பேறி மனுஷன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்.

திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தாள். சாய்வு நாற்காலி, சுழல் நாற்காலி, சாப்பாட்டு மேஜை நாற்காலி. ஒவ்வொன்றையும் இறக்கி, வெட்டி, எடையைக் குறைத்து, எண்ணை எடுத்துவிட்டு அந்தப் பொருளின் பெயரையே வைத்தாள். விவரத்தையும் சரிபார்த்தாள். அந்த வரிக்குத் தொழிலில் ஆல்ட் என்று பெயர். தேடுகிற மெஷினுக்கு மட்டுமல்ல, பார்வையில்லாதவர்கள் போனை வைத்திருக்கிறார்களே, அவர்களுக்கும் போன் அந்த வரியைத்தான் வாசித்துச் சொல்லும். அதனால் படத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், இல்லாததை எழுதினால் பாவம் என்பது அவள் கட்சி. கண் இல்லாதவர் நம்மை நம்பித்தானே கேட்கிறார்.

சோறு பொங்கி அடுப்பை நனைத்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தாள். அடுத்தது குட்டி நாற்காலி. அந்தப் படத்தை அவள் அதற்கப்புறம் திறந்ததே இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மற்றதெல்லாம் குறைக்காத படமென்றால், இதுவும் குறைக்காத படம்தான்.

தொட்டாள். மழைக்கு நெட் இழுத்தது. முதலில் வெள்ளையாக ஒன்றும் இல்லை. பிறகு மேலிருந்து ஒரு பட்டை இறங்கியது. பின்னால் பிடித்திருந்த துணி. இன்னொரு பட்டை. நாற்காலியின் தலைக்கட்டை, மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது. அப்புறம் முடி. நெற்றியின் மேல் பறக்கிற ஒன்றிரண்டு முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். நெற்றி வந்தது. புருவம் வந்தது. இடது புருவத்தில் கட்டிலிலிருந்து விழுந்த தழும்பு. அதை அவள் மறந்தே போயிருந்தாள். பெற்றவள், மறந்து போயிருந்தாள்.

கண் வந்தது. "வந்துட்டியாடி" என்று வாய்விட்டுச் சொன்னாள். மூக்கு, வாய், விழுந்த பல்லின் இடம், கழுத்து, கை, நாற்காலி, கால். வாண்டு முழுசாக வந்து உட்கார்ந்தாள். பெற்றவள் திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள். பொய் சொல்வானேன், இரண்டு வருஷத்தில் அதுதான் அவளுக்கு முதல் சந்தோஷம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில் பழக்கத்தில், படத்தைப் பெரிசாக்கினாள். முகம் உடையவில்லை. இன்னும் பெரிசாக்கினாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணின் வெள்ளை சிவந்து, இமை பாதி இறங்கியிருந்தது. கன்னத்தில் இருந்த சிவப்பு விளக்கின் சிவப்பு இல்லை. கழுத்தில் முடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. சுகமாகச் சாய்ந்திருக்கவில்லை. தலையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். சின்னப் படத்தில் தூக்கமாகத் தெரிந்தது பெரிய படத்தில் காய்ச்சலாக இருந்தது.

பார்வை கேமராவின் பக்கமும் இல்லை. ஓரத்துக்குப் போயிருந்தது. படத்தின் ஓரத்தில் துணியைப் பிடித்துக்கொண்டு நாலு விரல் தெரிந்தது. கண்ணாடி வளையல். அது இவளுடைய கை. பிள்ளை அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் படுத்துக்கட்டுமா?" என்று அன்றைக்குக் கேட்டாள். இப்போதுதான் கேட்பதுபோல் கேட்டது. "இன்னும் ரெண்டே படம்டி கண்ணு. இன்னிக்குத்தான் சமர்த்தா இருக்கே, கெடுத்துடாதே" என்று துணியைப் பிடித்த கையை எடுக்காமலே இவள் சொன்னாள்.

விவரம் எழுதும் கட்டத்தில் இவள் எழுதிய வரி இன்னும் அப்படியே இருந்தது. குட்டி மர நாற்காலியில் சமர்த்தாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சிறுமி.

போட்டோக்காரர் நனைந்து திரும்பி வந்தபோது அவள் சோறுகூட இறக்கி வைக்காமல் அதே நாற்காலியில் இருந்தாள். திரையில் என்ன இருந்தது என்பதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டார். பையைத் தரையில் வைத்தார். ஈரச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"தொடாதேன்னு சொன்னேனே" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

"இங்க இவ இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"எல்லாம் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே. குறைக்காம போட்டுட்டோமே, எடுத்துக் குறைச்சுப் போடலாம்னு திறந்தேன். வந்து நின்னா."

"ரெண்டு வருஷம்." அவள் சுவரைக் காட்டினாள். "ரெண்டு வருஷமா அந்தச் சுவத்துல கட்டம் கட்டமா ஒண்ணை மாட்டிவெச்சு விளக்குப் போடறேன். நான்தான் என் பிள்ளை மூஞ்சியை அழிச்ச பாவின்னு ஒவ்வொரு நாளும் செத்துக்கிட்டிருக்கேன். நீங்க பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தீங்களா? நீங்க மனுஷன்தானா?"

"என்னன்னு சொல்லச் சொல்றே?" அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உன் பிள்ளை முழுசா ஒரு இடத்துல இருக்கா, ஆனா காய்ச்சலோட இருக்கான்னா? முந்தின நாள் நல்லாத்தான் இருந்தா நல்லாத்தான் இருந்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தே. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து நடமாடினே. அதை எப்படிம்மா நான் பிடுங்குவேன்?"

"அதுக்கு?"

"படத்தை அழிச்சுட்டோம்னு நீ நினைச்சுக்கிட்டா, அது ஒரு பழி. கண்ணு முன்னாடி காய்ச்சலோட உட்கார வெச்சோம்னு தெரிஞ்சா, அது வேற பழி. சின்னப் பழி பெரிய பழியை மூடிக்கிட்டுக் கிடக்கட்டும்னு விட்டுட்டேன். என் புத்தி அவ்வளவுதான்."

அவள் அவரைப் பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே ஒயர் கிடந்த இடத்தில் தேங்கிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் பெரிய பழியை இரண்டு வருஷமாகத் தனியாகச் சுமந்திருக்கிறார். அவர் கண் வழியாகத்தானே அந்தப் படம் எடுக்கப்பட்டது. கோபம் இருந்தது, ஆனால் அதைத் தூக்கி யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. விளக்குக் கம்பியில் காய்ந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"துடைச்சுக்குங்க. சளி பிடிக்கும்."

அவர் தலையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள்.

"இறக்கி எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"கேமராப் பையில ஒரு கார்டுல இருக்கு. பத்திரமா இருக்கு. ஆனா அதுல பார்க்கறதில்லை."

"ஏன்?"

"அது டக்குனு வந்துடுது." சொல்லக் கூச்சப்பட்டதுபோல் மெதுவாகச் சொன்னார். "போன்ல இந்தப் பக்கத்தைத் திறந்தா மெதுவா வருவா. மேலேருந்து முடி வரும், நெத்தி வரும். கண்ணு இன்னும் வந்திருக்காது. அது வர்றதுக்குள்ள, வரப் போறா வரப் போறான்னு இருக்கும். முன்னாடியெல்லாம் பள்ளிக்கூட வாசல்ல நிப்பேனே, அந்த மாதிரி. ஒரு தடவை பார்த்துட்டா போன் சேர்த்து வெச்சுக்கும், அப்புறம் சீக்கிரம் வந்துடும். அதனால ஒவ்வொரு தடவையும் அதை அழிச்சுட்டுத்தான் திறப்பேன். அதான் குறைக்காமலே விட்டேன். அந்தம்மா வியாபாரம் கெடுதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு சாமான் விற்றுப் பிழைக்கிற ஒருத்தியின் கடை வாசலில் இந்த மனுஷன் இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் நின்றதால்தான் மற்றவர்கள் உள்ளே போக முடியவில்லை.

"என்ன பண்ணட்டும், சொல்லுங்க. இதை மட்டும் அப்படியே விட்டுடட்டுமா?"

வெளியே மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"வேண்டாம். பண்ணிடு. அந்தம்மாவும் எத்தனை நாள்தான் பாதி நாற்காலியைக் காட்டிக்கிட்டிருப்பா?" என்றார். பிறகு, "ஒரு தடவை மட்டும். சேர்ந்து பார்த்துடுவோம்" என்றார்.

சேர்த்து வைத்ததை அழித்துவிட்டு அவள் மறுபடி திறந்தாள். பட்டை பட்டையாக இறங்கியது. துணி, கட்டை, முடி. நெற்றி வந்தபோது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. தழும்பு வந்ததும், "கட்டில்லேருந்து விழுந்தது" என்றார். "ஆமாம்" என்றாள். கண் வந்தது. இந்தத் தடவை அவளும் அந்தக் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். ஓரத்திலிருந்த தன் கையைப் பார்த்தாள். கையைத் துணியிலிருந்து எடுத்து அந்த நெற்றியைத் தொட்டிருந்தால் போதும். ஒரு எட்டு தூரம்கூட இல்லை.

பிறகு வேலையைச் செய்தாள். படத்தின் அளவைக் குறைத்தாள். எடையைக் குறைத்தாள். குறையக் குறைய உதட்டின் வெடிப்பு மறைந்தது, கண்ணின் சிவப்பு மறைந்தது, பிள்ளை மறுபடி சுகமாகச் சாய்ந்துகொண்டாள். ஓரத்தில் இருந்த விரல்களை வெட்ட வேண்டும், தொழில் முறை அதுதான். அவள் வெட்டவில்லை. எண்ணை எடுத்துவிட்டு, குட்டி மர நாற்காலி என்று பெயர் வைத்தாள். கடைசியாக விவரக் கட்டத்துக்கு வந்து, தான் எழுதிய வரியை முழுசாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். தேடுகிறவனுக்கு வேண்டியதையும் எழுதினாள், படத்தில் இருந்ததையும் எழுதினாள்.

அவர் எட்டிப் படித்துவிட்டு, "அந்தம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார்.

"கண்ணு தெரியறவங்க யாரும் இதைப் படிக்க மாட்டாங்க" என்றாள்.

மறுநாள் நாற்காலியம்மா போன் பண்ணினாள். "என்னம்மா மாயம் பண்ணினே? தொட்டதும் வந்து நிக்குது. அந்தக் குட்டிப் பொண்ணு கதவுக்குப் பின்னால காத்துக்கிட்டிருந்த மாதிரி ஒரே ஓட்டமா வந்துடறா. இனி எதிர்க்கடைக்காரன் கதை முடிஞ்சுது, பாரு."

"சந்தோஷம் மேடம்" என்றாள்.

போட்டோக்காரர் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். அழிக்க வேண்டியதை அழித்துவிட்டுத்தான் திறந்தார். கண்ணிமைக்கிற நேரத்தில் படம் முழுசாக வந்துவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, போனை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கையில் வைத்திருந்தார்.

அவள் அந்தப் போனை வாங்கி, பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற வசதியை முடுக்கிவிட்டு, படத்தின் மேல் விரலை வைத்தாள். போன் மூக்கால் பேசுகிற ஒரு பெண் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், வார்த்தை வார்த்தையாகச் சொன்னது.

"குட்டி மர நாற்காலி. அதில் ஏழு வயதுச் சிறுமி. இடது புருவத்தில் தழும்பு. காய்ச்சல் அடிக்கிறது. ஓரத்தில் துணியைப் பிடித்து நிற்கும் அம்மாவைப் பார்க்கிறாள்."

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தக் குரலின் வேகத்தை எங்கே குறைப்பது என்று தேடிக் கண்டுபிடித்து, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து வைத்துவிட்டு, படத்தின் மேல் மறுபடி விரலை வைத்தார்.